காவும் குளமும்: நகருக்குள் மிஞ்சிய இயற்கைக்கு அரசு நிதி கேட்ட ஒரு நிகழ்வு ஆய்வு

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் போகும் சாலையிலிருந்து அரை கிலோமீட்டர் உள்ளே, ஒரு நகராட்சி வார்டுக்குள் இந்த இடம் இருக்கிறது. ஒரு குளம். அதன் வடகரையில் ஒரு காவு, அதாவது நாக வழிபாட்டுக்காக வெட்டாமல் விட்ட மரக்கூட்டம். காவுக்குக் கிழக்கே கொஞ்சம் வயல். மூன்றையும் சேர்த்தாலும் மூன்றரை ஏக்கர் வராது. சுற்றிலும் வீடுகள், ஒரு கல்யாண மண்டபம், ஒரு டைல்ஸ் குடோன். ஊரின் பெயரையும் நிலம் கொடுத்த குடும்பத்தின் பெயரையும் இங்கே எழுதவில்லை. அவர்கள் எங்களிடம் கேட்டுக்கொண்டது அது ஒன்றைத்தான்.

நான் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே தட்டச்சு, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எங்கள் வார்டு குடியிருப்போர் நலச் சங்கத்தின் எழுத்து வேலையும் என்னுடையதுதான். 2019-லிருந்து இந்த இடத்தைப் பற்றிய மனு, வரைபடம், பத்திரம், மதிப்பீடு எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போயிருக்கின்றன. இதே போன்ற ஒரு இடத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் பணம் கேட்பது என்று தவிக்கிறவர்கள் பலர் இருப்பார்கள். அவர்களுக்காக, நாங்கள் செய்த தவறுகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இடம்

குளம் 1 ஏக்கர் 70 சென்ட். கணக்கில் அரசு புறம்போக்கு. காவு 64 சென்ட், வயல் 1 ஏக்கர் 5 சென்ட். இரண்டும் ஒரே குடும்பத்தின் கூட்டுப் பட்டா. இந்த வேறுபாடு ஆரம்பத்தில் எங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கண்ணுக்கு மூன்றும் ஒரே இடம். தண்ணீர் வயல் வழியாக ஓடையில் வந்து குளத்தில் விழுகிறது, குளத்து ஈரத்தில் காவு நிற்கிறது. அப்புறம்தான் புரிந்தது, அரசுப் பணம் என்று வந்துவிட்டால் அந்தப் பட்டாக் கோடுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று.

காவுக்குள் பத்தடி போனால் சாலைச் சத்தம் அமுங்கிவிடும். ஏழிலைப்பாலை, காஞ்சிரம், நாவல், மணிக்கட்டு கனத்தில் சுற்றிக்கிடக்கும் கொடிகள். நடுவில் கருங்கல்லில் நாகத்தறை. கீழே கிடக்கும் சுள்ளியைக்கூட எடுக்கக் கூடாது என்பது பழைய கட்டுப்பாடு. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் இரண்டு பெரிய மரங்கள் சாய்ந்தன. மாவட்டம் முழுக்க ரப்பரும் தேக்கும் விழுந்து லாரி லாரியாகப் போன சமயம் அது. இந்த இரண்டும் விழுந்த இடத்திலேயே கிடந்தன. இன்றைக்குப் போய்ப் பார்த்தால் தண்டு முழுக்கக் காளான். ஒன்றின் அடியில் உடும்பு குழி வைத்திருக்கிறது. மரம் விழுந்த இடைவெளியில் நாவல் கன்றுகள் ஆள் உயரத்துக்கு வந்துவிட்டன. யாரும் நடவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை.

2019 வைகாசியில் ஒரு காலை, காவின் தென்மேற்கு மூலையில் சுண்ணாம்பு பூசிய கல் நட்டிருந்தது. குடும்பத்தில் சிலர் விற்கப் பேசுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரியவந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பாதிப் பேர் வெளியூரில், சிலர் வளைகுடாவில். வருஷம் ஒரு ஆயில்யத்துக்கு வந்து பால் ஊற்றிப் போகிற இடத்துக்கு அவர்கள்தான் வரி கட்டிக்கொண்டிருந்தார்கள். காவின் நன்மை எங்கள் கிணறுகளுக்கு, பாரம் அவர்களுக்கு.

பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது

அரசிடம் கேட்டால் வாங்கிக் கொடுப்பார்கள் என்று நம்பித்தான் தொடங்கினோம். ஒவ்வொரு திட்டமாக வழிகாட்டுதல்களை இறக்கி அச்சிட்டுப் படித்தேன்.

முதலில் நகர்வனத் திட்டம். 2020 ஜூன் 5 சுற்றுச்சூழல் நாளில் மத்திய அரசு அறிவித்தது. காடழிப்புக்கு ஈடாக வசூலாகும் காம்பா நிதியிலிருந்து ஒரு ஹெக்டேருக்கு 4 லட்சம் ரூபாய். நகர்வனம் என்றால் 10 முதல் 50 ஹெக்டேர், சிறியது நகர வாடிகா, 1 முதல் 10 ஹெக்டேர். எங்கள் காவு கால் ஹெக்டேர்தான். குளத்தையும் வயலையும் சேர்த்தால் 1 ஹெக்டேரைத் தாண்டும். சேர்த்துக் காட்டிவிடலாம் என்று சங்கத்தில் சிலர் சொன்னார்கள். அந்தப் பணம் பெரும்பாலும் மரம் நடவும், வேலி போடவும், பாதை போடவும் வருவது. வயலில் மரம் நட்டால் வயல் போச்சு. காவுக்கோ நடவே தேவையில்லை. பணம் கிடைக்கிறது என்பதற்காக இடத்தை வேறொன்றாக மாற்றுவதா? அந்த யோசனையை விட்டோம். இன்றும் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

அடுத்து அம்ருத் 2.0, நகரங்களுக்கான மத்திய அரசுத் திட்டம். 2021 அக்டோபரில் தொடங்கியது. குடிநீர், கழிவுநீரோடு நீர்நிலைப் புனரமைப்பும் அதில் உண்டு. ஒரு லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள நகரத்துக்கு மத்தியப் பங்கு பாதி. பணம் 20, 40, 40 சதவீதம் என மூன்று தவணையில் வரும். குளத்துக்குப் பொருத்தம். ஆனால் நிலம் வாங்கும் செலவை இதில் சேர்க்க முடியாது.

தமிழ்நாடு ஈரநில இயக்கம் 5 ஆண்டில் 100 ஈரநிலங்களைக் கண்டறிந்து காக்கும் நோக்கம் கொண்டது. எங்கள் மாவட்டத்திலேயே வேம்பனூர் 19.75 ஹெக்டேர், சுசீந்திரம் தேரூர் 94.23 ஹெக்டேர், இரண்டும் 2022-ல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் ஏறின. அவற்றோடு நிற்க எங்கள் குளத்துக்கு அளவு போதாது. நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைப் போடும், ஆனால் அதுவும் பொதுச் சொத்தில் நடக்கும் வேலைக்குத்தான்.

எல்லாவற்றையும் மேஜையில் பரப்பிவைத்துப் பார்த்தபோது ஒரு முடிச்சு தெரிந்தது. தனியார் நிலத்தில் அரசுப் பணத்தைச் செலவழிக்க முடியாது. தனியார் நிலத்தைப் பொதுவாக்க அரசுப் பணம் கிடைக்காது. 2013-ம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்படி எடுக்கலாம்தான். சந்தை மதிப்புக்குமேல் அதே அளவு ஆறுதல் தொகையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கே இடம் வாங்கத் திணறும் ஒரு சின்ன நகராட்சி, உடும்பும் காளானும் இருக்கிற இடத்துக்காக அதைச் செய்யாது.

வேறு இடங்களில் எப்படி என்று தேடினேன். அமெரிக்காவில் 1965-லிருந்து நிலம், நீர் பாதுகாப்பு நிதி என்று ஒன்று இருக்கிறது. கடலில் எண்ணெய் எடுக்கும் கம்பெனிகள் கட்டும் உரிமத் தொகையிலிருந்து வருவது. மாநிலமும் உள்ளாட்சியும் பாதி போட்டால் மீதிப் பாதி அந்த நிதியிலிருந்து வரும். நிலம் வாங்குவதற்கே தருவார்கள். 2020-ல் ஆண்டுக்கு 90 கோடி டாலர் என்று சட்டம் போட்டே உறுதி செய்துவிட்டார்கள். என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதன் ஒரு நிபந்தனை. இந்தப் பணத்தில் வாங்கிய நிலத்தைப் பிற்காலத்தில் வேறு காரியத்துக்கு மாற்ற வேண்டுமென்றால், அதே மதிப்பும் அதே பயனும் உள்ள வேறு நிலத்தை ஈடாகக் கொடுக்க வேண்டும். நிலத்தை வாங்குவதோடு நிற்காமல், வாங்கியவனிடமிருந்தும் அதைக் காப்பாற்றியிருக்கிறார்கள். இது பிறகு எங்கள் பத்திரத்தில் வேறு வடிவில் வந்து சேர்ந்தது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். எல்லை தாண்டிப் பாறசாலையில் என் சித்தி வீடு. கேரளத்தில் காவு வைத்திருக்கும் குடும்பங்களுக்கும் கோயில்களுக்கும் வனத்துறை பாதுகாப்புக்கு நிதியுதவி கொடுக்கிறது. நிலம் அவர்களுடையதாகவே இருக்கும். வயலை நிரவக் கூடாது என்று 2008-லேயே நெல்வயல், தண்ணீர்த்தடச் சட்டம் கொண்டுவந்து, பஞ்சாயத்துவாரியாக வயல்களைத் தரவுத்தொகுப்பில் பதிந்து வைத்திருக்கிறார்கள். அங்கேயும் மீறல் நடக்கிறது என்று சித்தப்பா சொல்வார். ஆனாலும் மீறல் என்று பெயர் சொல்ல ஒரு பட்டியல் இருக்கிறது. 1956 நவம்பர் 1-க்கு முன்னால் இரண்டு பக்கமும் ஒரே நாடு, ஒரே மண், ஒரே காவு. இன்றைக்கு ஆறேழு கிலோமீட்டர் இடைவெளியில் ஒரே மாதிரி மரத்துக்கு இரண்டு விதி.

திரும்பி வந்த முதல் விண்ணப்பம்

2021 நவம்பர் மழை எங்களுக்கு ஒரு வாதத்தைக் கொடுத்தது. மாவட்டமே மிதந்த அந்த வாரம், குளத்தைச் சுற்றிய நான்கு தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறவில்லை. முன்பு குளமாக இருந்து நிரவப்பட்ட இடத்தில் எழுந்த தெருவில் முழங்கால் அளவு நின்றது. இரண்டு இடத்துக்கும் நடுவில் முந்நூறு மீட்டர்தான். அன்றைக்குச் செல்போனில் எடுத்த படங்களைத் தேதி, நேரத்தோடு அச்சிட்டு விண்ணப்பத்தில் சேர்த்தோம். நகராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு தயாரித்த மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் இந்தக் காவின் பெயர் இருந்த பக்கத்தையும் சேர்த்தோம். 2002-ம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியும் அப்படி ஒரு குழு வைத்து, அப்படி ஒரு பதிவேடு எழுத வேண்டும். பல ஊர்களில் அது பீரோவில் தூங்குகிறது. கேட்டு வாங்குங்கள், உங்கள் இடம் அதில் இல்லாவிட்டால் சேர்க்கச் சொல்லுங்கள். அரசே எழுதிய தாளில் உங்கள் இடத்தின் பெயர் இருப்பதற்குத் தனி மதிப்பு உண்டு.

2022-ல் குளம், காவு, வயல் மூன்றையும் ஒரே பூங்காவாக வரைந்து திட்ட அறிக்கை போனது. ஒன்பது மாதம் கழித்து ஒரு வரிக் குறிப்போடு திரும்பி வந்தது: நிலம் முழுவதும் உள்ளாட்சி வசம் இல்லை.

குறிப்பு எழுதியவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. தவறு எங்களுடையது. குளத்துக்கு மட்டும் தனியாகக் கேட்டிருந்தால் அந்த ஒன்பது மாதம் போயிருக்காது. ஆசைப்பட்டு எல்லாவற்றையும் ஒரே கோட்டுக்குள் அடைத்தோம். அந்த ஒன்பது மாதத்தில்தான் வயல் விலை போனது. வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கினார். ஒரு வெள்ளிக்கிழமை இரவு தொடங்கி ஞாயிறு காலைக்குள் செம்மண் லாரிகள் வந்து போய்விட்டன. திங்கள்கிழமை கடை திறக்கப் போகிற வழியில் பார்த்தேன். தவளைச் சத்தம் இல்லை. அதைப் பற்றி இதற்குமேல் எழுத முடியவில்லை.

வயலோடு ஓடையும் போயிருக்க வேண்டியது. ஓடை மட்டும் கணக்கில் தனி உட்பிரிவாக, புறம்போக்காக இருந்தது. சர்வேயரை வைத்து அளந்து, நிரவின மண்ணுக்கு நடுவில் இரண்டரை மீட்டர் அகலத்தைத் திரும்பத் தோண்டவைத்தோம். குளத்துக்குத் தண்ணீர் வருவது இன்றும் அந்த வழியாகத்தான்.

பிரமாணம்

வயல் போன பிறகு காவுக்காகக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசினோம். வாரிசுகள் 11 பேர். மருமக்கத்தாயம் நடப்பில் இருந்த தறவாடு, அதாவது கூட்டுக்குடும்பம், சொத்து அம்மா வழியில் இறங்கியது. அதனால் இன்றைய பெயர்களை மூலப் பெயரோடு இணைக்க மூன்று தலைமுறைக்கு வாரிசுச் சான்று தேவைப்பட்டது.

எங்கள் பக்கத்தில் பத்திரத்தைப் பிரமாணம் என்பார்கள். திருவிதாங்கூர் காலத்துப் பிரமாணங்கள் பெரும்பாலும் மலையாளத்தில், கொல்லம் ஆண்டில் இருக்கும். இந்தக் காவின் மூலப் பிரமாணம் 1098 மீனம், அதாவது 1923 மார்ச், ஏப்ரல் வாக்கு. பழுப்பேறிய தாள், மடிப்பில் எல்லாம் கிழிசல். அதை வாசிக்கத் தெரிந்த எழுத்தர்கள் எங்கள் ஊரில் இரண்டு பேர்தான் மிச்சம். ஒருவர் எண்பதைத் தாண்டியவர். ஒரு மதியம் என் கடையில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடிக்கு மேலே இன்னொரு பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு வாசித்தார். நான் பக்கத்தில் தமிழில் தட்டிக்கொண்டே வந்தேன். நான்கெல்லை வந்ததும் நிறுத்தினார்.

"மக்ளே, இவன் எல்லை எழுதியிருக்கான், அளவு எழுதல்ல. கெழக்க ஒரு இலுப்ப மரம்னு போட்டிருக்கான். அந்த மரம் இப்ப எங்க நிக்குது?"

எங்கேயும் நிற்கவில்லை. இரண்டு நாள் விசாரித்தோம். காவுக்கு எதிர் வீட்டு அம்மச்சி சொன்னார், அவர் கல்யாணமாகி வந்தபோது இலுப்பைப் பூ பொறுக்கினது இப்போது டிரான்ஸ்பார்மர் நிற்கிற இடத்தில் என்று. மின்கம்பிக்காக வெட்டியிருக்கிறார்கள். சர்வேயர் அங்கிருந்து நூல் பிடித்ததும் பழைய சர்வே எண்ணும் ரீசர்வே எண்ணும் பொருந்தின. அதுவரை பக்கத்து மதில் காவுக்குள் ஒன்றே முக்கால் அடி வந்திருந்தது யாருக்கும் தெரியாது. மதில்காரர் கேட்டுக்கொண்டு, சண்டை இல்லாமல் ஒத்துக்கொண்டார்.

11 பேரில் 8 பேர் காவைத் தானமாகவே கொடுக்கிறோம் என்றார்கள். 3 பேருக்குப் பணம் வேண்டியிருந்தது. அவர்களுக்குப் பிள்ளைகள் படிப்பு, வீட்டுக் கடன். நியாயமான தேவை. அவர்கள் பங்கு ஏறக்குறைய 17 சென்ட். சென்டுக்கு ஒன்றேகால் லட்சம் என்று முடிந்தது, சந்தை விலையைவிடக் கணிசமாகக் குறைவு. 21 லட்சத்துச் சொச்சத்தை வார்டு மக்களும் வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பிள்ளைகளும் 14 மாதத்தில் சேர்த்தோம். பத்தாயிரம் கொடுத்தவர்களும் உண்டு, மாதம் நூறு என்று எழுதிவைத்துக் கொடுத்த தையல்காரரும் உண்டு.

சங்கத்தின் பெயரில் அந்தப் பங்கைக் கிரயம் வாங்கி, பிறகு நகராட்சிக்கு எழுதிக் கொடுப்பதாக இருந்தோம். பிரமாணத்தை வாசித்த பெரியவர்தான் தடுத்தார். பிரிக்காத பங்கை வெளியார் வாங்கினால் பிறகு பாகப்பிரிவினை வரும், ஒரே சொத்து இரண்டு தடவை கைமாறும், இரண்டு தடவை செலவு. மூன்று பேரும் தங்கள் பங்கை மற்ற எட்டுப் பேருக்கு விடுதலைப் பத்திரமாக எழுதிக்கொடுக்கட்டும், பணத்தை நாம் கொடுப்போம் என்றார். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைக் கட்டணம் குறையும் என்று நினைத்தோம். ஒன்றுவிட்ட சகோதர சகோதரிகள் அந்தச் சலுகையின் வரையறைக்குள் வரமாட்டார்கள் என்பது பிறகு தெரிந்தது. முன்பே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வளைகுடாவில் இருந்த இரண்டு பேர் தூதரகத்தில் கையெழுத்திட்டுப் பொது அதிகாரப் பத்திரம் அனுப்பினார்கள். அப்படி வெளிநாட்டிலிருந்து வரும் பத்திரத்துக்கு இந்தியாவுக்கு வந்து 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்திவிட வேண்டும். ஒன்று ஒரு வீட்டு அலமாரியில் நான்கு மாதம் இருந்துவிட்டது. திரும்பவும் முதலிலிருந்து. இதில் என் கவனக்குறைவும் உண்டு, தேதியைக் குறித்துவைத்திருக்க வேண்டியது நான்.

தானப் பத்திரம் எழுதும்போது ஒரு கேள்வி வந்தது: இது கோயிலா, தோப்பா? கோயில் என்றால் ஒரு வழி, தோப்பு என்றால் வேறு வழி. நாகத்தறையைச் சுற்றி 2 சென்டையும், அங்கே போக ஒரு மீட்டர் நடைவழி உரிமையையும் குடும்பமே வைத்துக்கொண்டது. மீதி 62 சென்ட் நகராட்சிக்கு. இது எல்லாருக்கும் நிம்மதியாக இருந்தது. வழிபாடு அவர்களிடம், மரம் ஊரிடம்.

பத்திரத்தில் ஒரு நிபந்தனை சேர்த்தோம். காவு காவாகவே இருக்க வேண்டும், கட்டடம், கழிப்பறை, தளம், விளையாட்டுக் கருவி எதுவும் உள்ளே வரக் கூடாது, வந்தால் தானம் ரத்தாகி நிலம் கொடுத்தவர்களிடம் திரும்பும். 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 126-வது பிரிவு, கொடுத்தவரின் விருப்பத்தை மட்டும் பொறுத்திராத ஒரு குறிப்பிட்ட நிகழ்வு நடந்தால் தானம் ரத்தாகும் என்று இரு தரப்பும் ஒத்துக்கொள்ள இடம் கொடுக்கிறது. அமெரிக்க நிதியின் அந்த நிபந்தனையைப் படித்திருக்காவிட்டால் எனக்கு இது தோன்றியிருக்காது. வாசகத்தை எடுத்துவிடச் சொல்லிப் பேச்சு வந்தது. குடும்பத்தின் மூத்த அம்மா, அந்த வரி இல்லாமல் கைநாட்டு வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மன்றத் தீர்மானம் 2024-ல் அந்த வரியோடுதான் நிறைவேறியது.

திறந்தவெளி ஒதுக்கீடு

எதிர்பாராத இடத்திலிருந்து இன்னும் 25 சென்ட் வந்தது. காவுக்கு மேற்கே இருந்த தென்னந்தோப்பு மனைப் பிரிவாக மாறிக்கொண்டிருந்தது, சுமார் 3 ஏக்கர். தமிழ்நாட்டில் 2019 கட்டட விதிகளின்படி 3,000 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரித்தால், சாலை போக மிச்சத்தில் 10 சதவீதம் திறந்தவெளிக்கு. 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதிலாகப் பணம் கட்டலாம். அதைத் தாண்டினால் நிலமாகவே உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுத வேண்டும். இந்த மனைப்பிரிவு 12,000 சதுர மீட்டரைத் தாண்டியது.

வழக்கமாக விற்காத மூலையைத்தான் ஒதுக்குவார்கள். வரைபடம் அனுமதிக்குப் போவதற்கு முன்னால் மனை பிரிப்பவரைப் போய்ப் பார்த்தோம். அந்த 10 சதவீதத்தைக் காவை ஒட்டிய கீழ்ப்பக்கத்தில் வைக்கக் கேட்டோம். அங்கே மழைக்குத் தண்ணீர் தேங்கும், மனையாக விற்றால் பின்னால் புகார்தான் வரும் என்று அவருடைய சர்வேயரே சொன்னார். ஒரு ரூபாய் செலவில்லாமல் காவுக்கு ஒரு முன்வாசல் கிடைத்தது. குழந்தைகள் ஊஞ்சல், பெரியவர்களுக்குப் பெஞ்சு எல்லாம் அந்த 25 சென்டில். காவுக்குள் எதுவும் இல்லை. மக்கள் வந்து உட்கார ஒரு இடம் பக்கத்தில் இருப்பதால்தான் காவை மூடி வைக்க முடிகிறது.

மதிப்பீடு

இரண்டாவது விண்ணப்பம் குளத்துக்கு மட்டும், அம்ருத் 2.0-ல். மதிப்பீட்டை அச்செடுக்க இளநிலைப் பொறியாளர் என் கடைக்கு வந்தார். சுருக்கப் பக்கத்தைப் படித்தேன். நான்கு பக்கமும் கருங்கல் தடுப்புச்சுவர், சுற்றிலும் பேவர் பிளாக் நடைபாதை, எவர்சில்வர் கைப்பிடி, இருபது அடிக்கு ஒரு எல்இடி விளக்கு, ஒரு செல்ஃபி பாயிண்ட். தூர்வாரல் கடைசியில் ஒரு வரி. ஓடையில் கலக்கும் கழிவுநீருக்கு ஒன்றுமே இல்லை.

"சார், சாயங்காலம் ஒரு தடவை கரைக்கு வாங்க" என்றேன். வந்தார். வடகரையில் தாழைப் புதர் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும். ஆறு மணி வாக்கில் ஒரு நீலத்தாழைக்கோழி வெளியே வந்தது, பின்னாலேயே கறுப்பாகப் பஞ்சுருண்டை போல நாலு குஞ்சுகள். சேற்றில் நடந்து, கரையேறி, காவின் ஓரப் புல்லுக்குள் போய்விட்டன. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "சுவர் வச்சா இது ஏற முடியாதுல்ல?" என்று கேட்டார். முடியாது. ஆமை ஏறாது, தவளை ஏறாது. கரை வழியாகக் கிணறுகளுக்கு ஊறும் தண்ணீரும் மட்டுப்படும்.

அடுத்த மூன்று வாரம் வரி வரியாகத் திருத்தினோம். சாலை உள்ள மேற்குப் பக்கம் மட்டும் சுவர், அங்கே விழும் ஆபத்து உண்டு. மற்ற மூன்று பக்கமும் மண்கரை, புல், தாழை. ஓடை விழும் வாயில் மட்டும் கல் பதிப்பு, அதற்கு முன்னால் வண்டல் தேங்கும் தொட்டி. தூர்வாரும்போது குளத்தின் மூன்றில் ஒரு பங்கை ஆழப்படுத்தாமல் விட வேண்டும், நீண்ட கால் பறவைகள் நின்று மேய ஆழமற்ற தண்ணீர் வேண்டும். காவின் வேர்ப்பக்கம் 5 மீட்டருக்குள் இயந்திரம் வரக் கூடாது. விளக்கு மேற்கில் மட்டும். மிச்சமான பணம் முழுக்க, ஓடையில் திறந்துவிட்டிருந்த வீட்டுக் கழிவுக் குழாய்களைத் திருப்ப. அதுதான் இந்தக் குளத்துக்கு உண்மையான மருந்து. வெளியே பார்த்தால் அது தெரியாது, திறப்பு விழாவில் படம் எடுக்க அதில் ஒன்றும் இல்லை. அதனாலேயே அதை மதிப்பீட்டில் சேர்க்கப் பொறியாளர் பலபேரிடம் விளக்க வேண்டியிருந்தது. அவர் சலிக்காமல் விளக்கினார்.

மொத்தத் தொகை குறைந்தது. தொகை குறைந்தால் கோப்புக்கு மதிப்பு இருக்காது என்று பயமுறுத்தியவர்கள் உண்டு. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நிர்வாக அனுமதி வந்தது, டெண்டர் போனது, முதல் தவணையில் வேலை தொடங்கியது. தூர்வாரிய முதல் வாரத்தில் தினமும் ஒருவர் கரையில் நின்றோம், ஒப்பந்தக்காரரின் ஜேசிபி டிரைவருக்கு வரைபடத்தைக் காட்டி, ஆழப்படுத்தக் கூடாத பகுதியில் மூங்கில் குச்சி நட்டு.

பராமரிப்புக்கு இந்த மானியத்தில் பணம் கிடையாது. அதைச் சங்கமும் நகராட்சியின் பொது நிதியும் பங்கிட்டுக்கொள்கின்றன.

இப்போதைய நிலை

2025 ஐப்பசியில் குளம் மறுகால் போனது. கழிவுக் குழாய்களில் பெரும்பாலானவை திரும்பிவிட்டன, நான்கு வீடுகள் பாக்கி. காவுக்கு உயிர்வேலி போட நமக்கு நாமே திட்டத்தில் மனு கொடுத்திருக்கிறோம், நிலம் இப்போது பொதுச் சொத்து என்பதால் முடியும். நிரவிய வயலில் இன்னும் கட்டடம் எழவில்லை. மழைக்குப் பிறகு அந்தச் செம்மண்ணின் நடுவில் கோரை தலைகாட்டியிருக்கிறது.

ஒன்று மிச்சம் இருக்கிறது. பெயர் மாற்றம் ஆகி, பதிவேட்டில் 62 சென்டும் நகராட்சி பெயரில் ஏறிவிட்டது. ஆனால் கடைசிக் கலத்தில் நிலத்தின் தன்மை என்ற இடத்தில் காலியிடம் என்று போட்டிருக்கிறார்கள். நாளைக்கு வேறொரு அதிகாரி அந்தப் பதிவேட்டை மட்டும் பார்த்தால் காலியிடம் என்றுதான் படிப்பார், பத்திரத்தின் நிபந்தனையைத் தேடிப் போக மாட்டார். அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டுக் காவு என்று எழுதச் சொல்லிப் போன வாரம் மனு தட்டினேன். 1923-ம் ஆண்டுப் பிரமாணத்தின் பிரதியையும் இணைத்திருக்கிறேன். அதில் பெரியவர் பென்சிலால் அடிக்கோடிட்டுக் கொடுத்த சொல் மலையாளத்திலும் காவுதான்.